டஸ்டி பூனை இல்லை

நியூசிலாந்தின் கடலோரக் கிராமமான ஓராக்காவில் யாரைக் கேட்டாலும் நோலீன் டாஸ்கர் பொய் சொல்லமாட்டாள் என்பார்கள். எதையும் முகத்துக்கு நேரே போட்டு உடைப்பாள், சொல்லக் கூடாததையும் சேர்த்தே சொல்லித் தொலைப்பாள், ஆனால் பொய் மட்டும் வராது. அதனால்தான் பெட்டிக்குப் பதில் சொல்லும் வேலையை ஊர்க்கூட்டத்தில் மறுபேச்சில்லாமல் அவளிடம் கொடுத்தார்கள்.

பெட்டி என்று எங்கள் ஊரில் சொல்வது, மணல்திட்டில் நட்டிருக்கும் ஏழு கம்பங்களை. ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு கேமரா, ஒரு தண்ணீர்க் குழாய், காது கூசும்படி கீச்சிடும் ஒரு சின்ன ஒலிபெருக்கி. ஏழையும் சேர்த்து ஆட்டிவைக்கும் செயற்கை நுண்ணறிவு எங்கேயோ ஆக்லாந்தில் உட்கார்ந்திருக்கிறது. எது பூனை, எது முயல், எது காற்றில் புரளும் கடற்பாசி என்று அது பார்த்து முடிவு செய்யும். பூனை என்று பட்டால் முகத்தில் தண்ணீரைப் பீய்ச்சி, கீச்சென்று கத்தி விரட்டிவிடும். விஷம் கிடையாது, கண்ணி கிடையாது, துப்பாக்கி கிடையாது. பூனை நனைந்த கோபத்தோடு வீடு போய்ச் சேரும், மணலில் குழி பறித்து முட்டையிட்டிருக்கும் உப்புக்கொத்திப் பறவைகள் பிழைத்துக்கொள்ளும். முதல் வாரத்தில் கடைக்காரர் ட்ரெவர், தலையில் மயிர் அடர்ந்த குல்லாவோடு குனிந்து பூட்ஸ் கயிறு கட்டப்போய்த் தொப்பலாக நனைந்தார். ஊர் ஒரு மாதம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

ஆனால் பெட்டி பிறவி மேதை இல்லை, கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. தண்ணீரைப் பீய்ச்சிய பிறகு அந்தப் படத்தை நோலீனின் போனுக்கு அனுப்பி, "இது பூனைதானே?" என்று கேட்கும். படத்துக்குக் கீழே ஐந்து பொத்தான்கள்: பூனை, முயல், பறவை, ஆள், ஒன்றுமில்லை. அவள் எதை அழுத்துகிறாளோ அதைத்தான் திங்கட்கிழமை பாடமாக எடுத்துக்கொள்ளும். 'பூனை' என்று அழுத்தினால் இன்னொன்றும் நடக்கும். அந்தப் படம் பறவைக் காவல் குழுவில் இருக்கும் முப்பத்தொரு பேர் போனுக்கும் அப்போதே போய்விடும். இது குழுத் தலைவி நோலீன் கேட்டு வாங்கிய ஏற்பாடு. "நாலு பேர் பாக்குறாங்களேன்னு வெக்கப்பட்டாத்தான் பூனைய வீட்டுக்குள்ள வெப்பாங்க" என்று சொன்னாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஊரும் தலையாட்டியது.

வெட்கப்பட்டது ராவிரி. மீன்பிடிப் படகை விற்றுவிட்டுத் தனியாக இருக்கும் மனிதர், வயது எழுபத்தொன்று. குழு என்று ஒன்று பிறப்பதற்கு இருபது வருஷம் முன்பிருந்தே உப்புக்கொத்திகளைக் காவல் காத்தவர் அவர்தான். பெரிய அலை வரும் நாட்களில் முட்டைகளைக் கையில் ஏந்திக்கொண்டு நின்று, குழிக்கு அடியில் மணல்மூட்டை அடுக்கி, மேடாக்கி, திரும்ப வைப்பார். அவரிடம் பதினாறு வயசு ஆரஞ்சுப் பூனை ஒன்று இருந்தது. சர்க்கரைவள்ளிக் கிழங்கின் நிறம் என்பதால் அந்தக் கிழங்கின் பெயரையே வைத்து 'கூமரா' என்று கூப்பிடுவார். செப்டம்பரில் மட்டும் கூமராவின் படம் ஐந்து முறை ஊர் போனுக்கெல்லாம் போனது. ஐந்தாம் படத்துக்குக் கீழே நோலீன் தன் கைப்பட எழுதினாள்: "ராவிரியின் கூமரா. இந்த மாதம் ஐந்தாம் முறை. இன்னும் எத்தனை?"

அந்த வாரக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்று பேசினாள்.

"ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணு ராவிரி. கதவ சாத்தி வை, இல்லன்னா வேற ஊருக்கு அனுப்பு. பாவம் பாத்தா பறவை இருக்காது."

"அது பதினாறு வருஷமா வெளிய படுத்து எழுந்த பூனை நோலீன். கெழம். பல்லே ரெண்டுதான் இருக்கு."

"பெட்டிக்குப் பல் கணக்கெல்லாம் தெரியாது. பூனைன்னா பூனைதான்."

எல்லோரும் சிரித்தார்கள். ராவிரி சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் கூமராவைக் கூண்டுப்பெட்டியில் வைத்து ஹாமில்டனில் இருக்கும் மகள் வீட்டில் விட்டுவிட்டு வந்தார். ஐந்து மணிநேரம் ஓட்டிப்போய், ஐந்து மணிநேரம் ஓட்டித் திரும்பியவர், மறுநாள் வழக்கம்போலக் காவல் சட்டையை மாட்டிக்கொண்டு திட்டுக்கு வந்தார். யாரிடமும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை.

அது நடந்து ஒன்பதாம் நாள். நோலீன் அடுப்படியில் நின்று டோஸ்டில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது போன் முனகியது. "இது பூனைதானே?"

படத்தில் டஸ்டி இருந்தது.

டஸ்டி அவளுடைய பூனை. இல்லை, அவள் மகள் ப்ரான்வினின் பூனை. ப்ரான்வின் வேலை தேடி ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போனபோது அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் வருவாள். அம்மாவின் மூட்டுவலியைப் பற்றி ஒரு நிமிஷம், டஸ்டியோடு கால்மணி நேரம். நோலீனுக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு. ஆனாலும் தனி வீட்டில் தன் காலடியில் சுருண்டு படுக்க ஒரு உயிர் இருப்பதே அவளுக்குப் பெரிய ஆறுதல். திட்டின் மணல் நிறத்தில், மங்கிய கோடுகளோடு இருக்கும் டஸ்டி வீட்டைவிட்டு வெளியே போகாத பூனை என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். அன்று துணி துவைக்கும் அறையின் சன்னலைப் பார்த்தால் கொக்கி கழன்று கிடந்தது. நாற்காலிக்கு அடியில் டஸ்டி தொப்பலாக நனைந்து உட்கார்ந்து, உலகத்தையே வெறுத்தபடி உடம்பை நக்கிக்கொண்டிருந்தது.

நோலீன் 'பூனை' பொத்தானுக்குத்தான் விரலைக் கொண்டுபோனாள். அதை இங்கே சொல்லியாக வேண்டும். கொண்டுபோன விரல் நின்றது. முப்பத்தொரு போன். ட்ரெவரின் கடைவாசல் சிரிப்பு. ராவிரியின் முகம். கூமராவை அனுப்பி ஒன்பது நாள்கூட ஆகவில்லை. சன்னலைச் சரி பண்ணிவிட்டால் தீர்ந்தது, ஒரே ஒரு தடவைதானே, இதற்குப் போய் ஊரைக் கூட்டுவானேன் என்று நினைத்தாள். 'ஒன்றுமில்லை' என்பதை அழுத்தினாள்.

கொக்கியைத் திருகாணி போட்டு முறுக்கினாள். டஸ்டி அதை நான்கே நாளில் கழற்றியது. ஒருமுறை வெளியே போய் ருசி கண்ட பூனை வேறு எப்படி இருக்கும்? மறுபடியும் படம் வந்தது. மறுபடியும் 'ஒன்றுமில்லை'. அக்டோபர் முழுக்க இதுதான் கதை. இருபத்தேழு படங்கள். முதலில் விரல் கூசியது, அப்புறம் பல் தேய்ப்பதுபோல் ஆகிவிட்டது. நவம்பர் தொடக்கத்தில் கேள்விகள் நின்றுபோயின. டஸ்டியும் நனையாமல் வர ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும் அதன் காலையும் வயிற்றையும் தடவிப் பார்ப்பாள். காய்ந்திருக்கும். "புத்தி வந்துடுச்சு இல்ல? அந்தப் பக்கமே போறதில்ல இல்ல?" என்று கொஞ்சுவாள். பூனை நனையவில்லை என்றால் பூனை திட்டுக்குப் போகவில்லை என்று அர்த்தம். நோலீன் இதை உண்மையாகவே நம்பினாள். மனசுக்கு எது சௌகரியமோ அதை நம்ப அவளுக்குத் தெரியாதா என்ன, அவளும் மனுஷிதான்.

அந்த வருஷம் திட்டில் இரண்டே ஜோடிகள் முட்டையிட்டிருந்தன. ஒரு ஜோடியின் குழியைக் கடல் கொண்டுபோனது. மற்ற ஜோடியின் மூன்று முட்டைகளும் நவம்பர் ஆறாம் தேதி பொரிந்தன. நோலீன் தன் காவல்முறைக்குப் போனபோது கயிற்று வேலிக்கு வெளியே ராவிரி குந்தியிருந்தார்.

"வாங்க தலைவி. மூணும் வந்தாச்சு."

"எங்க? எனக்குத் தெரியலையே."

"சத்தம் போடாத. அந்தக் கட்டைக்குப் பின்னாடி பாரு. பஞ்சுக்குக் கால் மொளச்ச மாதிரி ஓடுதுங்க."

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒவ்வொரு வருஷமும் வரும். இரண்டு நாள் வயசில் தானே இரை தேடும் அந்தக் குஞ்சுகள், பறக்கப் பழக ஆறு வாரம் ஆகும். அதுவரை ஓடத்தான் தெரியும். அபாயம் வந்தால் மணலோடு மணலாகப் படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான் அவற்றின் தந்திரம்.

"கூமரா எப்படி இருக்கு?" என்று கேட்டாள். கேட்காமல் இருந்தால் நன்றாக இருக்காதே என்று கேட்டாள்.

"சாப்பிட மாட்டேங்குதாம். கதவுகிட்டயே ஒக்காந்திருக்குதாம்."

"போகப் போகப் பழகிடும்."

"பூனைக்குப் பதினாறுன்னா நமக்கு எண்பது நோலீன். எண்பது வயசுல உன்னத் தூக்கிட்டுப் போய் வேற ஊர்ல போட்டா நீ பழகிடுவியா?" சொல்லிவிட்டு ராவிரி தொலைநோக்கியைத் துடைத்தார். துடைத்து முடித்து, கடலைப் பார்த்தபடியே கேட்டார்: "உன் வீட்டுப் பூனை எப்படி இருக்கு?"

"வீட்டுக்குள்ளதான் இருக்கு" என்றாள் நோலீன்.

"ம்" என்றார் அவர்.

இரண்டு வாரம் கழித்து பெட்டிக்காரப் பையன் ஃபெர்கஸ் ஆக்லாந்திலிருந்து வந்தான். பையன் என்றாலும் முப்பது வயசு இருக்கும், தாடிக்குள் வெட்கப்படுகிற ஆள். சமூகக்கூடத்தில் ஸ்கோன் ரொட்டியும் தேநீரும் வைத்து அவனை உபசரித்தார்கள். அவன் சுவரில் படம் காட்டினான்.

"பாருங்க, ஏழு வாரமா ஒரு பூனைகூட இல்ல. நான் வேலை பாக்குற பதினாலு கடற்கரையில இதுதான் முதலிடம். பெட்டி இப்பல்லாம் சந்தேகமே கேக்குறதில்ல. அவ்வளவு நல்லாப் படிச்சிருக்கு. சொல்லிக்கொடுத்த டீச்சருக்குத்தான் எல்லாப் பெருமையும்."

எல்லோரும் நோலீனைப் பார்த்துக் கைதட்டினார்கள். அவள் கடித்த ஸ்கோனைத் தட்டிலேயே வைத்தாள். கூட்டம் கலைந்ததும் ஃபெர்கஸ் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்த இடத்துக்குப் போனாள்.

"ஒரு சந்தேகம் தம்பி. யாராவது கைதவறித் தப்பா அழுத்திட்டா என்ன ஆகும்?"

"ஒண்ணு ரெண்டுன்னா ஒண்ணும் ஆகாது. மத்த சரியான பதில்ல அது அமுங்கிப் போயிடும்."

"அதே தப்பைத் திரும்பத் திரும்பப் பண்ணா?"

"அப்போ அதுக்கு அதுதான் உண்மை. இப்ப, ஒரு பூனையைக் காட்டிப் பூனை இல்ல, பூனை இல்லன்னு சொல்லிட்டே இருந்தீங்கன்னு வைங்க. அந்தப் பூனை எதிர்ல வந்து நடனம் ஆடினாலும் பெட்டி கண்டுக்காது. நாம சொன்னதத்தான நம்பும், பாவம்." சிரித்தான். "ஏன் கேக்குறீங்க? எதாவது அப்படி ஆயிருக்கா?"

சொல்ல வேண்டிய இடம் அதுதான். கூடத்தில் அவர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை. அவன் பழிக்கிற ஆளும் இல்லை. நோலீன் வாயைத் திறந்து, "சும்மாதான் கேட்டேன்" என்றாள். வீட்டுக்கு நடக்கும்போதுதான் அவளுக்குப் புரிந்தது. காய்ந்த வயிற்றோடு டஸ்டி வந்தது புத்தி வந்ததால் இல்லை. இத்தனை நாளும் அது ஏழு கம்பங்களுக்கு நடுவே ராஜா மாதிரி நடமாடியிருக்கிறது.

அன்றே சன்னலுக்குக் குறுக்கே பலகை அடித்தாள். டஸ்டி முதல் நாள் சுவரைப் பிறாண்டியது. இரண்டாம் நாள் அழுதது. பூனை அழுவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், குழந்தை அழுவதற்கும் அதற்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். நான்காம் நாள் நகம் பிய்ந்து பலகையில் ரத்தக்கோடு தெரிந்தது. அன்று வியாழக்கிழமை, சாயங்காலத்திலிருந்து நல்ல மழை. நோலீன் பலகைக்கு முன்னால் நின்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். இந்த மழையில் எந்தப் பூனை மணல்திட்டு வரைக்கும் போகும்? தோட்டத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிடும். பாவம், நகம் வேறு போய்விட்டது. சுத்தியலின் பின்பக்கத்தால் ஆணிகளை அவளே பிடுங்கினாள்.

மழை விடியுமுன்பே நின்றுவிட்டது.

காலை ஏழரைக்கு ட்ரெவர் போன் செய்தார். "சீக்கிரம் வா. ரெண்டு போச்சு."

ஈர மணலில் கால்தடம் அச்சுப் போட்டதுபோல் இருந்தது. நாலு விரல், நகம் பதியாத தடம். பூனைதான், சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஐந்தாம் கம்பத்துக்கும் ஆறாம் கம்பத்துக்கும் நட்டநடுவே நிதானமாக நடந்து வந்திருக்கிறது. கட்டைக்குப் பக்கத்தில் சின்ன இறகுத்துணுக்கு கொஞ்சம் கிடந்தது, வேறு எதுவும் இல்லை. தாய்ப்பறவை ஒடிந்ததுபோல் ஒரு சிறகை இழுத்துக்கொண்டு அவர்களுக்கு முன்னால் ஓடி ஓடி விழுந்தது. என்னைப் பிடி, குஞ்சை விடு என்கிற பழைய ஏமாற்று. மிஞ்சிய ஒரு குஞ்சு பாசிக்குள் அசையாமல் படுத்திருந்தது. மூன்று வாரக் குஞ்சு. பறக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"பெட்டி ஏன் கத்தல?" என்று ட்ரெவர் கம்பத்தை உலுக்கினார். "தண்ணி இருக்கு. கரண்ட்டு இருக்கு. எல்லாம் சரியாத்தான் இருக்கு. யாரோ இதுல கை வெச்சிருக்காங்க."

"யார் கை வெக்கப்போறாங்க?"

"யாரா? நேத்து ராவிரி ஹாமில்டன் போனான். தெரியுமா உனக்கு? ராத்திரி ஒம்போது மணிக்குத் திரும்பி வந்தான். என் கடை வெளிச்சத்துல நல்லாப் பாத்தேன், வண்டியில பூனைப்பெட்டி. பூனை வந்த மறுநாளே குஞ்சு போகுது. கம்பத்தத் திறக்கிற சாவி அவன்கிட்டயும் ஒண்ணு இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?"

நோலீன் ஈர மணலில் பதிந்த தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை கூட்டத்துல நீயே சொல்லிடு. சாவியும் காவல் சட்டையும் திருப்பிக் கொடுக்கணும். இனிமே திட்டுல கால் வெக்கக்கூடாது. நீ சொன்னாத்தான் எடுபடும். நான் சொன்னா சண்டைன்னு ஆயிடும்."

வீட்டில் டஸ்டி மெத்தையில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. தடவிப் பார்த்தாள். காய்ந்த வயிறு, பாதத்தில் மணல். அடுப்படி மேசையில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். பூனை என்று தான் நினைத்ததை மட்டும்தான் பெட்டி அவளுக்கு அனுப்பிக் கேட்கும். ஆனால் அசைந்தது எல்லாவற்றையும் பத்து நாள் வைத்திருக்கும். பாசி, நுரை, நண்டு என்று ஆயிரக்கணக்கான படங்கள், எல்லாம் 'ஒன்றுமில்லை' என்ற குவியலில். இதுவரை அந்தக் குவியலை யாரும் திறந்து பார்த்ததில்லை. நோலீன் திறந்தாள். வெள்ளி விடிகாலை ஐந்து பன்னிரண்டு, ஐந்தாம் கம்பம். டஸ்டி கேமராவை நேராகப் பார்த்தபடி நின்றது. வாயில் குஞ்சு. குஞ்சின் ஒரு கால் தனியாகத் தொங்கியது. படத்துக்குக் கீழே பெட்டி தன் கணிப்பை எழுதியிருந்தது: ஒன்றுமில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு உறுதி.

அவள் அழுதாள். டஸ்டி வந்து மடியில் ஏறியது. தள்ளிவிட மனம் வராமல், அணைக்கவும் மனம் வராமல் இரண்டு கையையும் தூக்கியபடி உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் படத்துக்குப் பக்கத்தில் அழிக்கும் பொத்தான் இருந்தது. அழித்தால் யாருக்கும் தெரியாது. டஸ்டியைக் கதவைப் பூட்டி வைத்துக்கொள்ளலாம், இந்தத் தடவை நிஜமாகவே. ஞாயிற்றுக்கிழமை ராவிரியிடம் சாவியை வாங்கிக்கொள்ளலாம். அவர் எதிர்த்துப் பேசுகிற ஆள் இல்லை, கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். நோலீன் அரைமணி நேரம் யோசித்தாள். அந்த அரைமணி நேரத்துக்காகத் தன்னைக் கடைசிவரை மன்னிக்கமாட்டாள் என்பது அப்போதே அவளுக்குத் தெரிந்தது. பிறகு துணியறைச் சன்னலை ஆறு ஆணி அடித்து மூடிவிட்டு, ராவிரி வீட்டுக்கு நடந்தாள்.

ராவிரி பின்வாசலில் பூனைப்பெட்டியை ரப்பர்க் குழாய்த் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் குழாயை மூடினார்.

"வாங்க தலைவி. சாவிதானே? ட்ரெவர் ஊர் பூராச் சொல்லிட்டான். ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேணாம். உள்ள ஆணியில மாட்டியிருக்கு, எடுத்துக்க."

"சாவிக்கு வரல ராவிரி. குஞ்சைத் தின்னது டஸ்டி."

அவர் குழாயைக் கீழே வைத்தார்.

"அக்டோபர்லயிருந்தே போயிட்டிருக்கு. பெட்டி கேட்டப்பல்லாம் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு நான்தான் அழுத்தினேன். இருபத்தேழு தடவ. அதனாலதான் பெட்டிக்கு இப்ப டஸ்டி பூனையே இல்ல." ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"இருபத்தேழான்னு தெரியாது. டஸ்டி போறது தெரியும்."

"தெரியுமா?"

"கூமரா போனதுக்கு அப்புறம் எனக்குத் தூக்கம் இல்ல. விடியிறதுக்கு முன்னாடியே திட்டுக்குப் போயிடுவேன். உன் பூனை அஞ்சாம் கம்பத்துக்குக் கீழ ஒக்காந்திருக்கும். கூப்பிட்டா வரும். நல்ல பூனை. தூக்கிட்டு வந்து உன் வேலிக்குள்ள விட்டுட்டுப் போவேன். குஞ்சு பொரிஞ்சதுக்கு அப்புறம் ஒரு நாள் தவறல. நேத்து ஹாமில்டன் போயிட்டு வந்த அலுப்புல, இன்னைக்குக் காலையில மட்டும்தான் எந்திரிக்க முடியல."

மூன்று வாரம் அந்தக் குஞ்சுகளைக் காத்தது பெட்டி இல்லை. நோலீன் படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"உன் வீட்டுப் பூனை எப்படி இருக்குன்னு கேட்டேன். வீட்டுக்குள்ள இருக்குன்னு சொன்ன."

"ஊர்ல சொல்லியிருக்கலாமே. கூட்டத்துல எழுந்து சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருக்க முடியும்?"

"என்னன்னு சொல்றது? பெட்டி பூனை இல்லன்னு சொல்லுது. ராவிரி பூனை இருக்குன்னு சொல்றான். தன் பூனை போன வயித்தெரிச்சல்ல தலைவி மேல பழி போடுறான்னு ட்ரெவர் சொல்லுவான், மத்தவங்க தலையாட்டுவாங்க. பெட்டி பொய் சொல்லாதுன்னு எங்களுக்குச் சொன்னதே நீதான். நாங்க நம்பினோம்."

அவள் பூனைப்பெட்டியைப் பார்த்தாள். "அப்ப ட்ரெவர் பாத்தது? கூமராவைக் கூட்டிட்டு வந்துட்டியா? எங்க இருக்கு? நானே கூட்டத்துல சொல்றேன், அது இங்கயே இருக்கட்டும். பல்லே இல்லாத பூனை என்ன பண்ணிடப்போகுது…"

"கூட்டிட்டுத்தான் வந்தேன்" என்றார் ராவிரி. "புதன்கிழமை ராத்திரி செத்துப்போச்சு. சாப்பாட்டத் தொடவே இல்லையாம். அங்க பொதைக்க மனசு வரல. காலையில எலுமிச்ச மரத்துக்கடியில வெச்சேன்."

பின்வாசலுக்கு அந்தப்பக்கம் மண் புதுசாகக் கிளறியிருந்தது. நோலீன் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மன்னித்துவிடு என்று சொல்ல நினைத்தாள். எதற்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தால் சாயங்காலம் ஆகிவிடும்.

போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் பதில் சொன்ன படங்களைப் பெட்டி அழிப்பதில்லை. அக்டோபர் பதில்களைத் திறந்தாள். முதல் படம், நனைந்த டஸ்டி. 'ஒன்றுமில்லை' என்பதை எடுத்துவிட்டு 'பூனை' என்று அழுத்தினாள். ராவிரியின் சட்டைப்பையில் போன் முனகியது. மற்ற முப்பது போன்களும் அப்போது முனகியிருக்கும். இரண்டாம் படம். மூன்றாம் படம். ராவிரியின் பை விடாமல் முனகியது, அவர் எடுத்துப் பார்க்கவில்லை. பதினோராம் படத்தில் ட்ரெவர் கூப்பிட்டார். அவள் துண்டித்தாள். மறுபடியும் கூப்பிட்டார், மறுபடியும் துண்டித்தாள். இருபதாம் படத்தில் பெர்த்திலிருந்து ப்ரான்வின் கூப்பிட்டாள். அம்மாவுக்குப் பெருமையாக இருக்கட்டும் என்று அவளும் குழுவில் சேர்ந்திருந்தாள். அதையும் துண்டித்தாள்.

இருபத்தேழும் முடிந்தன. மிச்சம் இருந்தது காலைப்படம்.

"இதையும் போடணுமா?" என்று கேட்டாள். சின்னப் பிள்ளையின் குரல் வந்தது. "குஞ்சு வாயில இருக்கு. ப்ரான்வின் பாத்துடுவா."

"போடு. அதப் பாத்தாத்தான் பெட்டிக்குப் புரியும்."

அழுத்தினாள். திங்கட்கிழமைதான் பெட்டி பாடம் படிக்கும். அதுவரை இன்னும் மூன்று விடியல் இருக்கிறது. டஸ்டிக்கு ஆறு ஆணி போதுமா என்று அவளுக்கே நிச்சயமில்லை. எழுந்து நின்றாள்.

"நாளைக்கு விடியிறதுக்கு முன்னாடி திட்டுக்குப் போவியா ராவிரி?"

"போவேன். ஒரு குஞ்சு இருக்கில்ல?"

"நானும் வரேன். ரெண்டு பேரும் சேர்ந்து காவல் காக்கலாம்."

ராவிரி குழாயைத் திறந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த பூனைப்பெட்டியை மறுபடியும் கழுவ ஆரம்பித்தார்.

"வேணாம் நோலீன்" என்றார். "நீ வராத. நான் பாத்துக்கிறேன்."